நிரந்தரக் காந்தத்தின் சக்தி ஒரு நாள் தீர்ந்துபோகுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தப் பொம்மை பத்து வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை. அதற்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? ஒரு நாள் தீர்ந்துவிடாதா? பொம்மையை ஒட்டுவதைத் தவிர வீட்டில் காந்தத்துக்கு வேறு என்ன வேலை?"

முதல் பாதிக்குச் சுருக்கமான பதில்: சக்தி எங்கிருந்தும் வரவில்லை, செலவாகவும் இல்லை. அதனால் தீர்ந்துபோவதற்கு அங்கே ஒன்றுமில்லை. சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருப்பீர்கள். அந்த ஆணியும் பத்து வருஷமாகத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குச் சோறு போடுவது யார் என்று நாம் கேட்பதில்லை. ஒரு பொருளை அசையாமல் பிடித்துவைத்திருப்பது இயற்பியல் கணக்கில் வேலையே அல்ல. கையில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நின்றால் நமக்குத் தோள் வலிக்கிறது, ஆகவே காந்தத்துக்கும் வலிக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். தோள் வலிப்பது நம் தசையின் கோளாறு. குடத்தை மேசைமேல் வைத்தால் மேசைக்கு வலிக்காது.

ஆணி சும்மா நிற்கிறது, காந்தம் இழுக்கிறதே என்று கேட்கலாம். இழுக்கத்தான் செய்கிறது. குண்டூசியை அருகில் கொண்டுபோனால் துள்ளி வந்து ஒட்டுகிறது. ஆனால் ஒட்டிய ஊசியைப் பிய்த்தெடுக்க உங்கள் விரல் அதே அளவு ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மேட்டிலிருந்து கல் உருண்டால் மேடு தேய்ந்துவிடுவதில்லை. கல் மறுபடி உருள வேண்டுமானால் யாராவது அதை மேலே தூக்கிக்கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். "காந்தத்தால் ஓடும் ஜெனரேட்டர், இனி கரண்ட் பில்லே இல்லை" என்று வரும் வீடியோக்களை இந்த ஒரே காரணத்துக்காக நம்பாதீர்கள். பழைய சைக்கிள் டைனமோவை ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதன் உள்ளே சுற்றுவது ஒரு காந்தம். டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும். விளக்கை எரிப்பது உங்கள் கால். காந்தம் நடுவில் நிற்கும் தரகர், அதுவும் கமிஷன் வாங்காத தரகர்.

சரி, ஆணி காந்தமாக நிற்பதில்லை, காந்தம் நிற்கிறது. ஏன்? இரும்பில் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம்தான். எலக்ட்ரான்களின் தற்சுழற்சியால் வரும் குணம் அது. அக்கம்பக்கத்து அணுக்கள் ஒரே திசையைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக நிற்கும். சாதாரண ஆணியில் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு திசையைப் பார்ப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. அருகில் காந்தம் வந்தால் எல்லாம் ஒரு பக்கம் திரும்பும், காந்தம் போனதும் பழையபடி கலைந்துவிடும். எண்ணெய் போட்ட கதவுக் கீல் மாதிரி. நிரந்தரக் காந்தம் துருப்பிடித்து இறுகிய கீல். ஒருமுறை பெரும்பலத்தோடு திருப்பிவிட்டால் திருப்பிய இடத்திலேயே நிற்கும். நிரந்தரம் என்ற சொல்லுக்கு இங்கே இந்தப் பிடிவாதம்தான் பொருள். இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடு விநாடிக்கு 50 தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியாக வேண்டும். அங்கே துருப்பிடித்த கீலைப் போட்டால் சூடேறியே வீணாகும்.

ஆனால் எந்தப் பிடிவாதத்தையும் கலைக்கும் ஒரு சூடு இருக்கிறது. இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ். பியர் கியூரி 1895இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் கியூரி வெப்பநிலை என்று பெயர். அந்தச் சூட்டுக்கு மேலே அணுக்களின் ஆட்டம் தாங்காமல் வரிசை குலைந்துவிடும், காந்தம் வெறும் உலோகமாகிவிடும். இதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட எலக்ட்ரிக் ரைஸ் குக்கரில் பார்க்கலாம். பொத்தானை அழுத்துகிற சாதாரண மாடலைச் சொல்கிறேன், டிஜிட்டல் மாடலை அல்ல. பாத்திரத்தை எடுத்துவிட்டு ஹீட்டர் தட்டின் நடுவில் பாருங்கள், ஸ்பிரிங்கில் அமுங்கும் வட்டமான குமிழ் ஒன்று இருக்கும். அதன் மேல்பகுதியில் 103 டிகிரி வாக்கில் காந்தத் தன்மையை இழக்கும்படி செய்த ஒரு துண்டு. அதற்குக் கீழே, நெம்புகோலோடு இணைத்த ஒரு நிரந்தரக் காந்தம். பொத்தானை அழுத்தினால் காந்தம் மேலே போய்த் துண்டோடு ஒட்டிக்கொள்ளும், ஹீட்டருக்குக் கரண்ட் போகும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரையெல்லாம் குடித்து முடித்ததும் அடிப்பாத்திரம் சட்டென்று சூடேறும், துண்டு காந்தத்தைக் கைவிடும், ஸ்பிரிங் தள்ளிவிடும். அந்த "டக்" சத்தம் கியூரி வெப்பநிலையின் சத்தம். கீழே இருக்கும் காந்தத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அது குலைவதற்கு அதைவிடப் பல மடங்கு சூடு வேண்டும். டைமரும் சிப்பும் இல்லாமல் சோறு வெந்ததைக் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவர்மேல் எனக்குப் பொறாமையே உண்டு.

காந்தங்களில் வகை பல. எது என்று தெரிந்துகொள்ள நான் பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழி, அதன் உருவத்தைப் பார்ப்பது. பள்ளி ஆய்வகத்தில் லாட வடிவிலோ நீண்ட சட்டமாகவோ இருப்பது எஃகு, அல்லது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்நிகோ. ஜப்பானில் தொக்குஷிச்சி மிஷிமா 1931இல் தொடங்கிவைத்த குடும்பம் அது. இவற்றில் கீல் அவ்வளவு இறுக்கம் இல்லை. இரு துருவங்களும் நெருங்கியிருந்தால் காந்தம் தன் புலத்தாலேயே தன்னைக் கலைத்துக்கொள்ளும், அதனால்தான் நீளமாகச் செய்தார்கள். பெட்டியில் வைக்கும்போது துருவங்களுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையை வைக்கச் சொல்வதும் இதற்குத்தான். நான் படித்த பள்ளியில் அந்தப் பட்டைகள் எப்போதோ தொலைந்துபோய், காந்தங்கள் ஊசியைக்கூடத் தூக்கத் திணறும்.

கறுப்பாக, தட்டையாக, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைவது ஃபெரைட். இது உலோகமே அல்ல. இரும்பு ஆக்சைடையும், அதாவது கிட்டத்தட்டத் துருவையும், பேரியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம் சேர்மத்தையும் பொடித்து அழுத்திச் சூளையில் சுட்டெடுத்த மண்பாண்டம். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ஃபிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பலம் சுமார்தான், ஆனால் கீல் நல்ல இறுக்கம், விலை மலிவு, துருப் பிடிக்கவே பிடிக்காது (ஏற்கெனவே துருதானே). ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் கறுப்பு வளையம் இதுதான். மைக்ரோவேவ் அடுப்பில் நுண்ணலையை உண்டாக்கும் மேக்னெட்ரானிலும் இப்படி இரண்டு வளையங்கள் உண்டு.

பளபளவென்று நிக்கல் முலாம் பூசி, சின்னதாக இருந்துகொண்டு விரலைக் கடிப்பது நியோடிமியம். நியோடிமியம் 2, இரும்பு 14, போரான் 1 என்ற கணக்கில் அணுக்கள் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது சமாரியம் என்ற உலோகமும் கோபால்ட்டும் சேர்ந்த காந்தம். கோபால்ட் விலை எகிறியதால் அந்த வேலையை மலிவான இரும்பை வைத்து முடிக்க முடியுமா என்று தேடிக் கிடைத்த பொருள் இது. அதே கன அளவு ஃபெரைட்டைவிடச் சுமார் 10 மடங்கு ஆற்றலைத் தாங்கும். காதுக்குள் செருகும் இயர்போன், செல்போனின் ஸ்பீக்கர், கேமராவில் லென்ஸை நகர்த்தும் அமைப்பு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் இவ்வளவு சிறுத்ததில் இதற்குப் பெரிய பங்கு. முலாம் உரிந்தால் இரும்பைவிட வேகமாகத் துருப்பிடித்துப் பொடியாகிவிடும், கடற்கரை ஊர்களில் கவனம்.

இனி வீட்டுக்குள் வருவோம். முதலில் எங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மோட்டார் என்றாலே உள்ளே காந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண மிக்ஸி, வெட் கிரைண்டர், பழைய சீலிங் ஃபேன், கிணற்று மோட்டார், இந்த நாலிலும் நிரந்தரக் காந்தம் கிடையாது. காயிலில் கரண்ட் ஓடும்போது மட்டும் உண்டாகிற காந்தம்தான். மோட்டார் வைண்டிங் கடையில் இரண்டு வருஷம் இருந்தவன் நான். பிரித்த சீலிங் ஃபேன்கள் அத்தனையிலும் காந்தமே இல்லை என்று கண்டபோது எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

இப்போது விற்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேனில் உண்டு. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வாக்கில் எடுக்கும், இது 30 வாட் வாக்கில் அதே காற்றைத் தரும். பழைய ஃபேனின் சுழலும் பகுதிக்குச் சொந்தக் காந்தம் இல்லை; ஸ்டேட்டரின், அதாவது சுழலாமல் நிற்கும் காயில் பகுதியின், கரண்டிலிருந்து கடன் வாங்கித்தான் தன்னைக் காந்தமாக்கிக்கொள்கிறது, அந்தக் கடனுக்கு வட்டி சூடாகப் போகிறது. பிஎல்டிசியில் காந்தம் நிரந்தரமாக அங்கேயே இருப்பதால் அந்தச் செலவு மிச்சம். கவனியுங்கள், இங்கேயும் காந்தம் ஆற்றலைத் தரவில்லை, ஒரு வீண்செலவை மிச்சப்படுத்துகிறது. 45 வாட் மிச்சம், நாளைக்கு 12 மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 197 யூனிட். வீட்டில் நாலு ஃபேன் இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த காந்தம் ஏர் கூலருக்குள்ளும் மீன் தொட்டிக்குள்ளும் இருக்கும் குட்டி பம்ப். அழுக்கடைத்துக்கொண்டால் கழற்றிப் பாருங்கள். நடுவில் உருளையான ஒரு காந்தம், அதன் நுனியில் இறக்கை. காந்தம் தண்ணீருக்குள்ளேயே சுற்றுகிறது; காயில் பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம், நனையாமல் இருக்கிறது. சுவரைத் துளைத்து வரும் ஷாஃப்டும் இல்லை, கசியும் சீலும் இல்லை. உருளையை வெளியே இழுத்தால் ரப்பர் மாதிரித் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பழைய ஈபி மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றுமே, அதன் ஓரத்தைக் கவ்வியபடி ஒரு காந்தம் இருந்தது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் காந்தத்துக்கு இடையே ஓடினால் தட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி பிரேக் பிடிக்கும். அந்த பிரேக் இல்லையென்றால் தட்டு கட்டுப்பாடில்லாமல் சுற்றி பில் எகிறியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு வெளியே வலுவான காந்தத்தை வைத்து மீட்டரை ஏமாற்றப் பார்த்தவர்கள் உண்டு. இப்போதைய மின்னணு மீட்டர்கள் காந்தம் வைத்தால் தேதி நேரத்தோடு பதிவு செய்யும்படி வருகின்றன. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் இது மின் திருட்டு. வேண்டாம்.

உங்கள் ஃபிரிட்ஜில் பொம்மையைவிட முக்கியமான காந்தம் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பருக்குள் இருக்கிறது. ஃபெரைட் பொடியைப் பிளாஸ்டிக்கில் பிசைந்து நாடாவாக இழுத்தது. இதற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களுக்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள். தூக்கிப்போட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தார்கள். உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டமே போட்டது. காந்த நாடா அந்த இடத்துக்குப் பொருத்தமாக வந்து உட்கார்ந்தது. கதவு சரியாக மூடவில்லை என்றால் "காந்தம் போய்விட்டது" என்று சொல்லிப் புதுசு மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் போனது காந்தமல்ல, ரப்பர் இறுகியிருக்கும், அல்லது மடிப்பில் அழுக்கு. ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால், வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து ரப்பரை நீவிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

விளம்பர அட்டை மாதிரி வரும் தட்டையான ஃபிரிட்ஜ் காந்தமும் இதே பொருள்தான். அதன் படம் போட்ட பக்கம் ஒட்டாது, பின்பக்கம் மட்டும் ஒட்டும். வடக்கும் தெற்கும் வரிவரியாக மாறி மாறி அமையும்படி காந்தமேற்றி, புலம் முழுவதையும் ஒரு பக்கமாகத் திருப்பிவிடுவது தந்திரம். இரண்டு அட்டைகளைப் பின்பக்கம் சேர்த்து உரசி இழுத்தால் "கடகட"வென்று படிப்படியாக நகரும். அந்த வரிகளைத்தான் விரல் உணர்கிறது. குழந்தைகளிடம் செய்து காட்டுங்கள்.

மீண்டும் தீர்ந்துபோவதற்கு வருகிறேன். தானாகத் தேயாது என்றேன், கெடாது என்று சொல்லவில்லை. சூடுதான் முதல் எதிரி. சாதாரண தர நியோடிமியத்துக்கு 80 டிகிரிதான் வரம்பு. கியூரி வெப்பநிலை 310க்கு மேலே இருந்தாலும், அதற்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக இழக்கத் தொடங்கி, ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. ஒரு நியோடிமியத் தட்டில் ஒயரை சால்டர் செய்யப் போய், பத்து விநாடியில் அதைப் பொத்தானாக்கியவன் நான். ஒட்ட வேண்டுமானால் சூடாக்காத பசை போதும்.

இரண்டாவது, எதிர்த் திசையில் வரும் வேறொரு காந்தப்புலம். சிறுவயதில் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தைக் கலர் டிவி திரையருகே கொண்டுபோய், கதாநாயகியின் முகத்தில் ஊதா நிறத் திட்டு விழுந்து, வீட்டில் அடி விழுந்தது. திரைக்குப் பின்னால் இருந்த உலோக வலை காந்தமாகிவிட்டது. ஆனால் அதே டிவியை நிறுத்திப் போட்டால் "டொய்ங்" என்று ஒரு சத்தம் கேட்கும், திட்டு கொஞ்சம் குறையும். உள்ளே ஒரு காயில், திசை மாறி மாறி வந்து படிப்படியாகத் தேய்கிற புலத்தை உண்டாக்கி, அந்த வேண்டாத காந்தத்தைக் கலைக்கும். கலைப்பதற்கு அதுதான் முறையான வழி. தட்டுவதும் போடுவதும் எஃகுக் காந்தத்தைப் பாதிக்கும். ஃபெரைட்டும் நியோடிமியமும் பலம் குறைவதற்கு முன் உடைந்துவிடும்.

கடையில் பாத்திரம் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒசத்தி" என்பது பாதி உண்மை. 304 ரக எவர்சில்வரில் நிக்கல் அதிகம், ஒட்டாது. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான 200 வரிசையும் ஒட்டாது. 304ஐயே வளைத்து அழுத்தினால் விளிம்பில் லேசாக ஒட்டும். 430 ரகம் நன்றாக ஒட்டும், இண்டக்ஷன் அடுப்புக்கு அப்படி ஒட்டும் அடிப்பாகம்தான் வேண்டும். தங்கத்தை இப்படிச் சோதிப்பதிலும் பயனில்லை, கலப்படம் செய்யும் செம்பும் வெள்ளியும்கூட ஒட்டாது.

கையில் கட்டும் காந்த வளையம், பெட்ரோல் குழாயில் மாட்டி மைலேஜ் கூட்டும் காந்தம் எல்லாம் காசுக்குக் கேடு. ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை, ஆனால் அது ஆணியில் இருப்பது மாதிரி இல்லை; காந்தம் அதை இழுத்து ஓட்டாது.

இந்த நியோடிமியத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் நிஜமான உறவு உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் அது. அன்றைக்கு ஜெர்மானியர்களுக்கு வேண்டியது கேஸ் விளக்கின் மேண்டிலுக்கான தோரியம். அதே மோனசைட்டில் இருக்கும் நியோடிமியம் அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. இன்று மின்சார ஸ்கூட்டரும் காரும் அதை நம்பி ஓடுகின்றன. மோட்டார் சூட்டில் கீல் தளராமல் இருக்க, கூடவே டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்ற அரிய உலோகங்களில் ஒன்றைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். இவற்றுக்கும் இவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று 2025 ஏப்ரலில் சீனா அறிவித்ததும் இந்திய வாகன நிறுவனங்கள் தவித்தது இதனால்தான். மணல் நம்மிடம் இருக்கிறது. அதிலிருந்து உலோகத்தைப் பிரித்து, கலந்து, பொடித்து, காந்தப்புலத்தில் அடுக்கி, சுட்டெடுப்பதுதான் கடினம்; அதைப் பெருமளவில் செய்வது சீனா.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பட்டாணி அளவு நியோடிமிய உருண்டைகள் வேண்டாம். ஒன்றை விழுங்கினால் வெளியே வந்துவிடலாம். இரண்டை விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று கவ்வி, சதையை அழுத்திச் சாகடித்து ஓட்டை போட்டுவிடும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வலுவான காந்தத்தைச் சட்டைப் பையில் போடக்கூடாது. மற்றபடி ஏடிஎம் அட்டையின் கறுப்புப் பட்டை அழியலாம், சிப்புக்கும் பென் டிரைவுக்கும் ஒன்றும் ஆகாது.

பலமிழந்த காந்தத்தை வீட்டில் சரிசெய்யலாமா என்றால், எஃகுக் காந்தமாக இருந்தால் முடியும். வலுவான இன்னொரு காந்தத்தின் ஒரே துருவத்தால், ஒரே திசையில், நுனியிலிருந்து நுனிவரை பல தடவை தேய்த்து, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கிச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். ஃபெரைட்டுக்கும் நியோடிமியத்துக்கும் இது எடுபடாது. தொழிற்சாலையில் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரத்தைத் தேக்கி, ஒரே வெட்டில் காயிலில் பாய்ச்சித்தான் காந்தமேற்றுகிறார்கள். ஃபிரிட்ஜ் பொம்மை வலுவிழந்தால் பத்து ரூபாய்க்கு வேறு காந்தம் வாங்கிப் பின்னால் ஒட்டிவிடுங்கள்.